இராயப்பரும் பேதுருவும் ஒருவரே: ஒன்பதாம் வகுப்பில் ஒரு சமயப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘நவீன யுகத்தின் தொடக்கம்’ என்ற பாடத்தை நான் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மறுமலர்ச்சி, சமயச் சீர்திருத்தம், நாடுகாண் பயணங்கள் என்று மூன்று பெரிய செய்திகள். சமயச் சீர்திருத்தப் பகுதிக்கு நான் ஒதுக்கியது எப்போதும் ஒரே ஒரு பாடவேளைதான். கரும்பலகையை இரண்டாகப் பிரிப்பேன். இடப்பக்கம் ‘திருச்சபையின் குறைகள்’, வலப்பக்கம் ‘லூதரின் சீர்திருத்தங்கள்’. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் கரும்பலகை ஒரு மாணவியின் மனத்தில் என்ன செய்தது என்பதை அறிந்த பிறகு பாடத்தை நடத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். அந்த அனுபவத்தையே ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பள்ளி வடசென்னையில் உள்ளது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம், இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று பல பகுதிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். மீனவர், துறைமுகத் தொழிலாளர், எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தப் பணி செய்பவர்களின் பிள்ளைகள். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

அன்று பாடம் முடிந்த மறுநாள், காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவியின் தாய் என்னைப் பார்க்க வந்தார். “டீச்சர், எங்க கோயிலு தப்புன்னு புக்குல போட்டிருக்காமே? பாப்பா ராத்திரியெல்லாம் அழுவுது” என்றார். விசாரித்தேன். அந்த மாணவியின் தந்தை விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். பத்து நாள் ஆகியும் கரை திரும்பவில்லை. தாயும் மகளும் மாலைதோறும் இராயபுரம் இராயப்பர் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்காரும் தோழி லுத்தரன் சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் விளையாட்டாக, “மெழுகுவத்தி ஏத்துறதெல்லாம் சும்மாடி. நேத்து மிஸ்ஸே சொன்னாங்க, போர்டுல எழுதியும் போட்டாங்க” என்று சொல்லிவிட்டாள்.

நான் மெழுகுவத்தியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. பாடநூலிலும் அப்படி இல்லை. ஆனால் ஒருபக்கம் ‘குறைகள்’, மறுபக்கம் ‘சீர்திருத்தம்’ என்று எழுதினால் பதினான்கு வயதுப் பிள்ளை அதை எப்படிப் படிக்கும்? ஒரு வீடு தப்பு, இன்னொரு வீடு சரி என்றுதானே படிக்கும்! பிழை அந்தத் தோழியுடையது அல்ல. என்னுடையது.

தாயிடம் வருத்தம் தெரிவித்தேன். அடுத்த மூன்று பாடவேளைகளை அதே பகுதிக்கு ஒதுக்கினேன்.

முதல் பாடவேளை: ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குதல்

“இராயபுரத்துக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது?” என்று கேட்டேன். “ராயர்னு ஒரு ராஜா இருந்தாரு மிஸ்” என்றான் ஒருவன். இயேசுவின் சீடர்களில் முதன்மையானவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘இராயப்பர்’ என்று அழைத்து வந்தனர். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளில் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்த படகோட்டி மக்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் பெயரில் இங்கே கோயில் கட்டினார்கள். ஊருக்கும் அதனாலேயே இப்பெயர் ஏற்பட்டது என்று சொல்லப்படுகிறது. அந்த இராயப்பரைத்தான் லுத்தரன் சபையினர் ‘பேதுரு’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் பீட்டர்.

வகுப்பில் சிறிது நேரம் அமைதி. பிறகு லுத்தரன் குடும்பத்து மாணவியே, “அப்போ நாங்க படிக்கிற பேதுருதான் அவங்க இராயப்பரா மிஸ்?” என்று கேட்டாள். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான்.

வீட்டுப்பாடமாக, கிறித்தவ மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சமயச் சொற்களை எழுதி வரவேண்டும் என்றேன். மற்ற மாணவர்கள் தெருவிலும் நண்பர் வீட்டிலும் கேட்கலாம். மறுநாள் வந்த பட்டியலில் சில:

கத்தோலிக்கர் வீட்டில் சூசையப்பர். லுத்தரன் வீட்டில் யோசேப்பு.
கத்தோலிக்கர் வீட்டில் சின்னப்பர். லுத்தரன் வீட்டில் பவுல்.
கத்தோலிக்கர் வீட்டில் அருளப்பர். லுத்தரன் வீட்டில் யோவான்.
கத்தோலிக்கர் வீட்டில் பூசை அல்லது திருப்பலி. லுத்தரன் வீட்டில் ஆராதனை.
கத்தோலிக்கர் வீட்டில் புதுநன்மை, உறுதிபூசுதல். லுத்தரன் வீட்டில் திடப்படுத்தல்.
கத்தோலிக்கர் வீட்டில் தவக்காலம். லுத்தரன் வீட்டில் லெந்து காலம்.
கத்தோலிக்கர் வீட்டில் சாமியார் அல்லது ஃபாதர். லுத்தரன் வீட்டில் ஐயர் அல்லது பாஸ்டர்.

இப்பட்டியலைப் பார்த்ததும் இவை இரண்டு வெவ்வேறு மதங்கள் அல்ல, ஒரே மதத்தின் இரண்டு மரபுகள் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பழைய பெயர்கள் பாட்டிமாரின் நாவில்தான் அதிகம் இருக்கின்றன. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தது. அதில் பேதுரு, பவுல், யோவான் என்ற பெயர்களே உள்ளன. இன்றைய கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இரு பெயர்களும் தெரியும்.

இரண்டாம் பாடவேளை: நடந்தது என்ன?

இப்போது பாடநூலைத் திறந்தோம். 1517 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் 95 குறிப்புகளை வெளியிட்டார். அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி, பல்கலைக்கழகப் பேராசிரியர். புதிய சபை தொடங்குவது அப்போது அவர் நோக்கமாக இருக்கவில்லை. உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டுவதற்குப் பணம் தேவைப்பட்டது. அதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்ட முறையையே அவர் எதிர்த்தார். “மிஸ், அதுவும் இராயப்பர் கோயிலா?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். ஆம், அதுவும் இராயப்பர் கோயில்தான்!

இங்கே நாம் வழக்கமாக விட்டுவிடும் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னேன். முதலாவது, அச்சீட்டு பாவத்துக்கு விலை என்பது கத்தோலிக்கக் கோட்பாடு அல்ல. பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் எஞ்சி நிற்கும் தண்டனையைக் குறைப்பது என்பதே அதன் விளக்கம். அந்த நுட்பம் மறைந்து, காசு கொடுத்தால் போதும் என்ற நிலை ஏற்பட்டதுதான் சிக்கல். இரண்டாவது, கத்தோலிக்கத் திருச்சபை தானே அதைத் திருத்திக்கொண்டது. 1545 முதல் 1563 வரை நடந்த டிரெண்ட் பொதுச்சங்கம் முறைகேடுகளைக் கண்டித்தது. 1567இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், பணம் பெற்று இதனை வழங்குவதை ஒழித்தார். இன்றைக்கு எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதில்லை. காசிமேட்டு மாணவி அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

1521இல் லூதர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1530இல் அவர் தரப்பினர் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை முன்வைத்தனர். அதன் பிறகு இரு வழிகள் தனித்தனியாயின.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது? தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் கத்தோலிக்கத் துறவி என்றிக்கே என்றீக்கஸ் அடிகளால் வெளியிடப்பட்டது. லுத்தரன் மரபு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோருடன் வந்தது. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தது. சீகன்பால்கு பள்ளிகளைத் தொடங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். 1726இல் பெஞ்சமின் சூல்ட்சே சென்னைக்கு வந்தார். அவருக்குப் பின் பெப்ரீசியஸ் வேப்பேரியில் பல்லாண்டு பணியாற்றினார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சுப்பொறி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. நம் மாணவியின் குடும்பம் ஞாயிறுதோறும் போகும் புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயம் இந்த மரபில் வந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனி அமைப்பாக உருவானது 1919இல்.

தமிழாசிரியர்கள் நன்கறிந்த வீரமாமுனிவர் இக்கதையில் முக்கியமானவர். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தந்தவர். இயேசு சபைத் துறவியான அவர், தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகிய உரைநடை நூல்களை எழுதினார். அக்காலத்தில் இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன. ஆனால் அந்த மோதலால் தமிழுக்கு உரைநடையும் அகராதியும் அச்சும் கிடைத்தன. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் அரைமணி நேரம் வகுப்புக்கு வந்து இதை விளக்கினார். சமூக அறிவியலும் தமிழும் இணையும் இடம் இது. வாய்ப்புள்ளவர்கள் இருவரும் சேர்ந்து நடத்தலாம்.

மூன்றாம் பாடவேளை: ஒற்றுமையும் வேற்றுமையும்

கரும்பலகையை மீண்டும் இரண்டாகப் பிரித்தேன். இம்முறை தலைப்புகள் ‘இருவரும் ஏற்பவை’, ‘வேறுபடுபவை’. ஒரு விதியும் வைத்தோம்: ஒரு சபையைப் பற்றி எழுதும் வாக்கியத்தை அச்சபையைச் சேர்ந்தவர் படித்தால், ‘ஆமாம், நாங்கள் இப்படித்தான் நம்புகிறோம்’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத வாக்கியத்தை அழித்துவிட வேண்டும்.

இருவரும் ஏற்பவை:

1. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுள் நம்பிக்கை. திருத்தூதர் விசுவாச அறிக்கையையும் நைசீன் விசுவாச அறிக்கையையும் இருவரும் வழிபாட்டில் சொல்கிறார்கள்.
2. இயேசுவின் பிறப்பு, சிலுவைச் சாவு, உயிர்த்தெழுதல். கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர்.
3. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தல். ஒருவர் கொடுத்ததை மற்றவர் பொதுவாக ஏற்கிறார்.
4. நற்கருணையில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்ற நம்பிக்கை. லூதர் இதைக் கைவிடவில்லை.
5. ஒழுங்குமுறையுடன் அமைந்த வழிபாடு, பீடம், சிலுவை, குருவின் அங்கி, ஆயர் பதவி.
6. பத்துக் கட்டளைகளை எண்ணும் முறை. இது பலருக்கு வியப்பைத் தரும். தென்னிந்தியத் திருச்சபையினர் உருவ வழிபாடு பற்றிய கட்டளையைத் தனியாக இரண்டாவதாக எண்ணுவர். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் அதை முதல் கட்டளையோடு சேர்த்து, இறுதிக் கட்டளையை இரண்டாகப் பிரிப்பர்.

வேறுபடுபவை:

1. அதிகாரம். கத்தோலிக்கருக்கு விவிலியமும் திருச்சபையின் மரபும்; உரோமைத் திருத்தந்தை உலகத் திருச்சபையின் தலைவர். லுத்தரன்களுக்கு விவிலியமே இறுதி அளவுகோல். திருத்தந்தையின் தலைமை இல்லை.
2. விவிலிய நூல்களின் எண்ணிக்கை. கத்தோலிக்கருக்கு 73, லுத்தரன்கள் பயன்படுத்தும் தமிழ் விவிலியத்தில் 66. வேறுபடும் ஏழும் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்தவை. லூதர் தம் 1534ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அவற்றை நீக்கவில்லை; தனிப் பகுதியாக வைத்தார்.
3. அருட்சாதனங்கள். கத்தோலிக்கருக்கு ஏழு: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். லுத்தரன்களுக்குப் பொதுவாக இரண்டு: ஞானஸ்நானம், நற்கருணை. மற்றவற்றை அவர்கள் ஒதுக்குவதில்லை. திருமணமும் பாவ அறிக்கையும் உண்டு. அருட்சாதனம் என்ற பெயரைத் தருவதில்லை.
4. நற்கருணை விளக்கம். அப்பமும் இரசமும் தம் உட்பொருளில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன என்பர் கத்தோலிக்கர். அப்பமும் இரசமும் அப்படியே இருக்க, அவற்றோடு கிறிஸ்து உண்மையாக இருக்கிறார் என்பர் லுத்தரன்கள்.
5. மாதாவும் புனிதர்களும். இருவரும் மரியாளைக் கடவுளின் தாய் என்று போற்றுவர். தமக்காகக் கடவுளிடம் பரிந்துபேசும்படி மாதாவிடமும் புனிதர்களிடமும் வேண்டுவது கத்தோலிக்க மரபு. லுத்தரன்கள் அவர்களை முன்மாதிரியாக மதிப்பர். வேண்டுதலை நேரே கடவுளிடம் வைப்பர்.
6. இறந்தோர். உத்தரிக்கிற நிலையில் உள்ள ஆன்மாக்களுக்காகக் கத்தோலிக்கர் பூசை வைப்பர். லுத்தரன்கள் அந்நிலையை ஏற்பதில்லை.
7. குருக்கள். கத்தோலிக்கக் குருக்கள் மணம் புரிவதில்லை. லுத்தரன் குருக்கள் மணம் புரியலாம். லூதரே 1525இல் மணம் செய்துகொண்டார்.

மெழுகுவத்தி பற்றியும் பேசினோம். லுத்தரன் ஆலயப் பீடத்திலும் மெழுகுவத்தி எரிகிறது என்று அந்தத் தோழியே எழுந்து சொன்னாள்.

மீட்பு என்ற கடினமான கருத்து

லூதருக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது, மனிதன் விசுவாசத்தால் மட்டுமே கடவுளுக்கு ஏற்புடையவன் ஆகிறான் என்ற கருத்து. நற்செயல் அதன் கனி; காரணம் அல்ல. கத்தோலிக்கரோ, முதலில் வருவது கடவுளின் அருளே, ஆனால் மனிதன் அவ்வருளோடு ஒத்துழைக்க வேண்டும், நற்செயலுக்கும் அதில் பங்குண்டு என்பர்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நம் வைணவ மரபு கைகொடுத்தது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை, தாயே கவ்விச் செல்கிறது. வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் உவமையாகச் சொல்வர். லூதரின் கருத்து பூனைக்குட்டிக்கு நெருக்கமானது என்றேன். கத்தோலிக்கக் கருத்தைக் குரங்குக்குட்டியோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அங்கும் தாயின் அருளே முதலில் வருகிறது, குட்டியின் பிடி அதற்குத் தரும் பதில் என்றும் சேர்த்துச் சொன்னேன். உவமை வாசல் வரை கொண்டுபோய் விடும்; உள்ளே போக விளக்கம் தேவை.

இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. இந்து மாணவர்கள், “எங்க சாமியிலயும் இந்தச் சண்டை இருக்கா மிஸ்?” என்றார்கள். ஒரு முஸ்லிம் மாணவன், தர்காவுக்குப் போவது பற்றித் தன் வீட்டில் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு என்றான். கருத்து வேறுபாடு எல்லா வீட்டிலும் உண்டு என்று தெரிந்ததும், கிறித்தவப் பிள்ளைகள் இருவர் மீது மட்டும் விழுந்திருந்த பார்வை விலகியது.

பாடத்தை 1517இல் நிறுத்தக் கூடாது என்பதும் அப்போது புரிந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்க வழிபாடு தாய்மொழிக்கு வந்தது. லூதர் நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வலியுறுத்திய ஒன்று அது. 1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்க் நகரில், மீட்புக் கோட்பாடு பற்றிய கூட்டு அறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்டன. 2016 அக்டோபர் 31 அன்று சுவீடனின் லுண்ட் நகரில் நடந்த சீர்திருத்த நினைவு வழிபாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ் லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து பங்கேற்றார். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. சண்டையிட்டவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு இதுவும் வரலாறுதான்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

1. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமயபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. சமயத்தைப் பற்றிய வரலாற்றைக் கற்பிப்பது போதனை ஆகாது. ‘இவர்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்பது வரலாறு. ‘இப்படி நம்புவதே சரி’ என்பது போதனை. இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.
2. ‘குறைகள்’, ‘மூடநம்பிக்கை’ போன்ற தலைப்புகளைத் தவிர்த்து, எந்தக் காலத்தில், எந்த இடத்தில், யார் செய்த முறைகேடு என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.
3. எந்த மாணவரையும் அவர் சமயத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். தானாகச் சொல்ல விரும்பினால் கேட்டுக்கொள்ளுங்கள்.
4. உங்கள் ஊரின் பெயர்ப்பலகை, கல்லறைத் தோட்டம், பழைய பள்ளிக் கட்டடம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனி அதன் பிறகு தானாக வந்துசேரும்.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த வினா: ‘கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஏற்கும் மூன்று கருத்துகளையும் வேறுபடும் மூன்று கருத்துகளையும், இருவரும் ஒப்புக்கொள்ளும் வகையில் எழுதுக.’ விடைத்தாளைத் திருத்தியபோது, காசிமேட்டு மாணவி லுத்தரன்களைப் பற்றியும் அவள் தோழி மாதா பக்தியைப் பற்றியும் தம் வீட்டைப் பற்றி எழுதுவதுபோலவே கவனமாக எழுதியிருந்தார்கள்.

படகு பதினோராம் நாள் கரை திரும்பியிருந்தது. இயந்திரக் கோளாறாம். அந்தச் செய்தியை வகுப்பில் என்னிடம் முதலில் ஓடிவந்து சொன்னது அவள் தோழிதான்.